கார் கண்ணாடி ஏறலையா? மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன; பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கும், வாங்கலாமா வேண்டாமானு யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்கும் இன்னைக்கு ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம்தான், ஆனா மழைக்காலத்துல பெரிய விஷயம். பவர் விண்டோ.

நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். கோயம்புத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர்கிட்ட 1996 மாடல் மெர்சிடிஸ் இ220 ஒண்ணு இருக்கு. டபிள்யூ124னு சொல்வாங்களே, அந்த உடம்பு. உலகத்துக்கு அது 1984 கடைசியில வந்த கார். நம்ம நாட்டுல 1995-ல புனேயில பூட்ட ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல பூட்டின முதல் பென்ஸ் கார் அதுதான். அவர் அதை வாங்கி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஒரு ஐப்பசி மழையில ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில நின்னுடுச்சு. இறங்குது, ஏறல. பாலித்தீன் கவர் ஒட்டி டேப் அடிச்சு நிறுத்தியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். டோர் பேடைக் கழட்டினேன், மோட்டாருக்கு வர்ற பிளக்கைப் பிடுங்கினேன், மல்டிமீட்டரை வச்சேன். சுவிட்ச்சை அமுக்கினா 12.4 வோல்ட் காட்டுது. திரும்பப் பிளக்கை மாட்டி அமுக்கினா மோட்டார் லேசா ஒரு துடிப்பு, அவ்வளவுதான். கரண்ட் வருது, மோட்டார் ஓடல, அப்போ மோட்டார் செத்துப்போச்சு. நானே தீர்ப்பு எழுதிட்டேன்.

அந்த மோட்டார் புதுசா எங்கயும் கையில கிடைக்கல. சென்னைக்கு ஆள் அனுப்பி, புதுப்பேட்டையில ரெண்டு நாள் அலைஞ்சு பழசு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. போட்டோம். கண்ணாடி ஜம்முனு ஏறுச்சு. அவர் காபி கொடுத்தார், நானும் பெருமையாக் குடிச்சிட்டு வந்தேன். ரெண்டாவது நாள் போன். பழையபடி பாதியில நிக்குது.

என்ன நடந்ததுனு சொல்றதுக்கு முன்னாடி, இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிடறேன். அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ரெண்டு வயர், ஒரு மோட்டார்

இப்போ வர்ற கார்கள்ல சுவிட்ச் வெறும் தகவல்தான் சொல்லும். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும். பழைய கார்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. மோட்டாருக்கு ரெண்டே வயர். சுவிட்ச்சைத் தொடாம விட்டிருக்கும்போது அந்த ரெண்டு வயருமே எர்த்துல இருக்கும். மேல ஏத்துற பக்கம் அமுக்கினா ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டுட்டு 12 வோல்ட்டுக்குத் தாவும், இன்னொண்ணு எர்த்துலயே நிக்கும். இறக்கினா அதுக்கு நேர் எதிர். மோட்டார் ரெண்டு திசையிலும் சுத்துற ரகசியம் இவ்வளவுதான்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் கிடைக்குது. ஒண்ணு, மோட்டாருக்குப் போற மொத்தக் கரண்ட்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாத்தான் போயிட்டு வருது. முப்பது வருஷம் அப்படிப் போனா உள்ள இருக்கிற முனைகள் கருகத்தான் செய்யும். ரெண்டாவது, சுவிட்ச்சுல நீங்க அமுக்காத பக்கமும் வேலை செய்யுது. திரும்பி வர்ற கரண்ட் அந்தப் பக்கம் வழியாத்தான் எர்த்துக்குப் போகுது. "இறங்குது, ஏற மாட்டேங்குது"னு ஒருத்தர் சொன்னா, ஏத்துற பக்கத்தை மட்டும் சந்தேகப்படக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயமும் இதுலயே இருக்கு. ஒரு திசையில நல்லா ஓடுற மோட்டாரை எரிஞ்சுபோன மோட்டார்னு சொல்லவே முடியாது. சுத்துறது அதே காயில்தான். என் பேராசிரியர் காரில் கண்ணாடி இறங்கிட்டுத்தான் இருந்தது. அதை நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

மீட்டர் சொன்ன பொய்

உண்மையில் மீட்டர் பொய் சொல்லலை. நான் கேட்ட கேள்வி தப்பு.

வீட்டு மாடியில தண்ணித் தொட்டி இருக்கு. குழாய்க்குள்ள ஒரு இடத்துல அடைப்பு, ஊசி நுழையற அளவுதான் வழி. கீழ குழாயை மூடி வச்சிருக்கும்போது அங்க அழுத்தம் எவ்வளவு இருக்கும்? அடைப்பே இல்லாத குழாயில இருக்கிற அதே அழுத்தம்தான். திறந்தாத்தான் வண்டவாளம் தெரியும், நூல் மாதிரி ஒழுகும். பிளக்கைப் பிடுங்கிட்டு மல்டிமீட்டர் வைக்கிறது, குழாயை மூடி வச்சு அழுத்தம் பார்க்கிற வேலை. மீட்டர் கரண்ட் எடுக்கவே எடுக்காது. வயருக்குள்ள முப்பது இழையில ரெண்டு இழை மட்டும் மிஞ்சி இருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும்.

கணக்காவே பார்ப்போம். வழியில எங்கயோ 0.3 ஓம் தடை உக்காந்திருக்குனு வச்சுக்குங்க. மோட்டார் திணறும்போது 10 ஆம்பியர் கேக்குது. பத்தை 0.3-ஆல பெருக்கினா 3 வோல்ட் வழியிலயே போச்சு. பன்னிரண்டுல ஒன்பதுதான் மோட்டாருக்கு. இறங்குறதுக்கு அது போதும், கண்ணாடியோட எடை உதவி செய்யும். ஏறுறதுக்குப் பத்தாது. அந்த 0.3 ஓமை மீட்டரை ஓம்ல வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க. சாதாரண மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே அந்த வயர்களுக்காகவே கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும்.

அப்போ எப்படிப் பார்க்கிறது? என் கையில இப்போ இருக்கிற கருவி ஒரு பழைய ஹெட்லைட் பல்பு. ஹைபீம் லோபீம் ரெண்டும் உள்ள பல்புல ஒரு இழை போயிருந்தாத் தூக்கிப் போடாதீங்க. நல்லா இருக்கிற இழையில ரெண்டு வயர் இணைச்சு வச்சுக்குங்க. 55, 60 வாட் பல்பு கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் பிளக்கைப் பிடுங்கி அங்க இந்தப் பல்பைக் கொடுத்து சுவிட்ச்சை அமுக்குங்க. கண் கூசுற மாதிரி எரிஞ்சா பேட்டரியில இருந்து அங்க வரைக்கும் வழி சுத்தம், சந்தேகத்தை மோட்டார் மேலயும் கண்ணாடி ஓடுற பள்ளத்து மேலயும் திருப்புங்க. மஞ்சளா மங்கலா எரிஞ்சா மோட்டாரைத் தொடாதீங்க, கோளாறு வழியில இருக்கு. பல்பு சூடாகும், சீட் துணியில வச்சுடாதீங்க.

மீட்டர்தான் வேணும்னா அதுக்கும் முறை இருக்கு. பிளக் மாட்டியே இருக்கணும். ஒரு நீள வயரால மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்ல பிடிச்சுட்டு, மறுமுனையை மோட்டார் பிளக்கோட பின்பக்கம், பாசிட்டிவ் வர்ற முனையில குத்துங்க. ஒருத்தர் சுவிட்ச்சை அமுக்கட்டும். இப்போ மீட்டர் காட்டுறது வழியில தொலைஞ்சுபோன வோல்ட். இதே மாதிரி எர்த் பக்கமும் பாருங்க. ஒரு பக்கத்துக்கு அரை வோல்ட், பழைய காருக்கு ஒண்ணு வரைக்கும் நான் பொறுத்துக்குவேன். ரெண்டு, மூணுனு காட்டினா அந்த வழியிலதான் திருடன் இருக்கான்.

பேராசிரியர் கண்டுபிடிச்சது

ரெண்டாவது தடவை போனபோது நான் சுவிட்ச்சைக் கழட்டத் தயாரா உக்காந்துட்டேன். அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு, "தம்பி, ஒண்ணு சொல்றேனுங்க, தப்பா இருந்தா விட்டுடுங்க. கதவை நல்லாத் திறந்து வச்சா கண்ணாடி ஏறுதுங்க. சாத்தினா ஏற மாட்டேங்குது" என்றார்.

எனக்குக் காது சூடாயிடுச்சு. முதல் தடவை அவர் வீட்டுப் போர்ட்டிகோவுல சுவரை ஒட்டிக் கார் நின்னது, கதவு பாதிதான் திறந்தது. புது மோட்டார் போட்ட அன்னைக்குக் காரை வாசல்ல நிறுத்தி, கதவை முழுசாத் திறந்து வச்சு ஓட்டிப் பார்த்தோம். ஏறுச்சு. மோட்டார் மாறினதால ஏறல, கதவு திறந்திருந்ததால ஏறியிருக்கு.

கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல, கீல் பக்கம், ஒரு மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குள்ள போற எல்லா வயரும் அதுக்குள்ளதான். கதவைத் திறக்கும்போதும் சாத்தும்போதும் அத்தனையும் வளையும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைனு வச்சாலும் இருபத்தஞ்சு வருஷத்துல தொண்ணூறாயிரம் தடவைக்கு மேல. செம்பு இழைகள் ஒண்ணொண்ணா அறுந்துட்டே வரும், மேல பிளாஸ்டிக் உறை மட்டும் பார்க்க நல்லா இருக்கும். அந்தக் காரில் ரப்பரைத் தள்ளி, வயரை மெதுவா இழுத்துப் பார்த்தேன். ஒரு வயர் ரப்பர் பேண்டு மாதிரி நீண்டுச்சு. உள்ள செம்பே இல்ல. அதான் அடையாளம்.

இதைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். சுவிட்ச்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கதவை மெதுவாத் திறங்க, மெதுவாச் சாத்துங்க. நடுவுல எங்கயாவது கண்ணாடி உயிர் பெற்று நகர்ந்தா, அங்கதான். ஓட்டுநர் பக்கக் கதவுலதான் இது முதல்ல வரும், அந்தக் கதவுதான் அதிகம் திறந்து மூடுறது.

சரிசெய்யும்போது ஒரு எச்சரிக்கை. அறுந்த இடத்துலயே சேர்த்து ஈயம் வச்சா ரொம்ப நாள் நிக்காது. ஈயம் வச்ச இடம் கம்பி மாதிரி விறைச்சுடும், அதுக்குப் பக்கத்துலயே மறுபடி ஒடியும். நல்ல மெல்லிய இழைகள் உள்ள, வளைஞ்சு கொடுக்கிற வயரை ரப்பர் குழாய் முழுக்கப் புதுசா ஓட்டி, ஜாயிண்டுகள் ஒண்ணு கதவுக்குள்ளயும் இன்னொண்ணு உடம்புக்குள்ளயும் வர்ற மாதிரி பார்த்துக்குங்க. வளையிற இடத்துல ஜாயிண்டே கூடாது. ஒரு வயர் அறுந்திருந்தா அதோட கூட்டாளிகளும் அதே வயசுதான், எல்லாத்தையும் மாத்திடுங்க. எங்களுக்கு ஆன செலவு சில மீட்டர் வயரும் ஒரு மதியமும். மோட்டாருக்கு அவர் கொடுத்த காசை நினைச்சா இப்பவும் எனக்கு உறுத்துது.

உங்க கார் வேற மாதிரி இருக்கலாம்

எல்லாருக்கும் கீல் பக்கம்தான் கோளாறுனு சொல்லலை. எங்கே தொடங்கணும்னு காரே சொல்லும். ராத்திரி, உள் விளக்கைப் போட்டுட்டு சுவிட்ச்சை அமுக்குங்க. விளக்கு லேசா மங்கி, கண்ணாடி மட்டும் நகராம இருந்தா மோட்டாருக்குக் கரண்ட் போகுது, ஏதோ இறுகிப் பிடிச்சிருக்கு. விளக்கு அசையவே இல்லைனா கரண்ட் போகல, அல்லது வழியில மாட்டிக்குது. மோட்டார் விர்ருனு சுத்துற சத்தம் கேட்டும் கண்ணாடி அப்படியே நின்னா மின்சாரத்துல தேடாதீங்க. விண்டோ மெஷின்ல பிளாஸ்டிக் துண்டு உடைஞ்சிருக்கும், இல்ல கேபிள் அறுந்திருக்கும்.

நாலு கண்ணாடியும் ஒண்ணா நின்னா ஃபியூஸ், ரிலே. ரெண்டு ரெண்டா ஃபியூஸ் பிரிச்சிருக்கிற கார்களும் இருக்கு, அதனால மூடியில இருக்கிற அட்டவணையைப் பாருங்க. பின் கண்ணாடி ரெண்டும் மட்டும் வேலை செய்யலைனா குழந்தைகளுக்கான லாக் சுவிட்ச்சை யாராவது தட்டிவிட்டிருக்காங்களானு பாருங்க. சிரிக்காதீங்க, இதுக்காகக் காரை இழுத்துட்டு வந்தவங்க இருக்காங்க.

டபிள்யூ124 மாதிரி கார்கள்ல ஃபியூஸே ஒரு தனிக் கதை. ரெண்டு பக்கமும் கூம்பா இருக்கிற சின்னத் துண்டு, மேல ஒரு உலோகப் பட்டை. நம்ம ஊர் பழைய ஃபியட், பத்மினி வச்சிருந்தவங்களுக்குத் தெரியும். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. அதுல அலுமினியப் பட்டை வச்சு வர்றது காத்துல வெள்ளையாப் பூத்துடும். ஃபியூஸ் போகாது, ஆனா முனையில தொடர்பு கெட்டுடும். சாவியை எடுத்துட்டு, ஒவ்வொரு ஃபியூஸையும் அது இருக்கிற இடத்துலயே விரலால நாலு சுத்து சுத்துங்க. செத்த கண்ணாடி சில நேரம் அதுலயே எழுந்து உக்காரும். அப்புறம் செம்புப் பட்டை வச்சதா வாங்கி மொத்தமா மாத்திடுங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு சிகரெட் பெட்டிக்குள்ள இருக்கிற ஜிகினாத் தாளைச் சுத்தி வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. கதவுக்குள்ள உரசிக்கிட்டிருக்கிற வயருக்கு அது கொள்ளி. செய்யாதீங்க.

சுவிட்ச்சைச் சந்தேகப்பட்டா, அதே மாதிரி இருக்கிற பக்கத்து ஜன்னல் சுவிட்ச்சோட மாத்திப் போட்டுப் பாருங்க. கோளாறு கூடவே மாறினா சுவிட்ச்தான். பிரிச்சுச் சுத்தம் பண்ணலாம். ஆனா உள்ள ஸ்பிரிங்கும் குட்டிக் குட்டித் துண்டுகளும் தெறிச்சு ஓடும், அதனால ஒரு பெரிய கண்ணாடிப் பைக்குள்ள கையை விட்டுப் பிரிங்க. கருகின முனையை ரப்பர் அழிப்பானால தேய்ச்சு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைச்சாப் போதும். கரடுமுரடான உப்புத்தாள் வேண்டாம், அது முலாமையே எடுத்துடும்.

அப்புறம் இந்தத் தேங்காய் எண்ணெய். கண்ணாடி இறுக்கமா ஏறுதுனு பீடிங் பள்ளத்துல தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், கையில கிடைச்ச கிரீஸ் எல்லாம் விடுறாங்க. ஒரு வாரம் வழுக்கும். அப்புறம் தூசியோட சேர்ந்து களிமண் ஆயிடும், என்ஜின் ஆயில்னா ரப்பரும் ஊதிடும். பேராசிரியர் காரிலும் அது இருந்தது. வயரை மாத்தின பிறகும் கண்ணாடி மெதுவாத்தான் ஏறுச்சு, ஏழெட்டுத் தடவை ஓட்டினதும் நின்னுடுச்சு, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஓடுச்சு. பல மோட்டார்களுக்குள்ள சூடானா தானா விட்டுட்டு, ஆறினதும் சேர்ந்துக்கிற ஒரு பாதுகாப்பு இருக்கும். இந்த மாதிரி "நின்னு, ஓய்வெடுத்து, ஓடும்" கண்ணாடிக்கு இறுக்கம்தான் பெரும்பாலும் காரணம். பள்ளத்தைச் சோப்புத் தண்ணியால கழுவி, காயவச்சு, சிலிக்கான் ஸ்பிரே அடிச்சோம். வித்தியாசம் கையிலயே தெரிஞ்சது.

டோர் பேடுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற பாலித்தீன் தாளைக் கிழிச்சுத் தூக்கிப் போடுறது இன்னொரு வழக்கம். அது பேக்கிங் கவர் இல்லைங்க. கண்ணாடி வழியா வழியிற மழைத்தண்ணி பேடு மேல வராம உள்பக்கமாவே இறங்கி, கதவோட அடி ஓட்டை வழியா வெளிய போறதுக்காக இருக்கு. திரும்ப ஒட்டுங்க, அடி ஓட்டைகளைக் குச்சியால குத்தி விடுங்க. தண்ணி தேங்கினா மோட்டாரும் துருப்பிடிக்கும், கதவும் அழுகும்.

கை பத்திரம்

பழைய கார் கண்ணாடிக்கு விரல் மாட்டிக்கிட்டா தெரியாது. தடை வந்தா தானா இறங்குற வசதி எல்லாம் பின்னாடி வந்தது. இதுல ஒரு வினோதம், கோளாறைச் சரிசெஞ்ச பிறகுதான் ஆபத்து கூடும். வருஷக்கணக்கா மெதுவா ஏறின கண்ணாடி இப்போ முழு பலத்தோட ஏறும். வீட்டுல குழந்தைங்க இருந்தா அன்னைக்கே கூப்பிட்டுக் காட்டிடுங்க, பின் கண்ணாடி லாக்கையும் போட்டு வைங்க.

விண்டோ மெஷின்ல இருந்து மோட்டாரைக் கழட்டுறவங்களுக்கு: பல கார்கள்ல கண்ணாடியோட எடையைத் தாங்க ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதைப் பிடிச்சு நிறுத்துறதே மோட்டாரோட பல்சக்கரம்தான். மோட்டாரை எடுத்த கணம் இரும்புக் கை சுழன்று அடிக்கும், விரல் போயிடும். முதல்ல கண்ணாடியை டேப் போட்டு ஃபிரேமோட நிறுத்துங்க, மெஷினோட கையை போல்ட் போட்டோ வைஸ்ல பிடிச்சோ அசையாம கட்டுங்க, அப்புறம் மோட்டாரைத் தொடுங்க. மோட்டாரை நேரா பேட்டரியில கொடுத்துச் சோதிச்சா நடுவுல ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

பேராசிரியர் காரில் அந்தப் பழைய மோட்டாரை, நான் செத்துப்போச்சுனு சொன்னதை, அப்புறம் மேசை மேல வச்சு பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் அருமையாச் சுத்துச்சு. துணியில சுத்தி டிக்கியில வச்சிருக்கார். "இருக்கட்டும் தம்பி, இன்னொரு கதவுக்கு ஆகுமுங்க" என்றார். நான் ஒண்ணும் பேசல.

அடுத்த எபிசோட்ல இதே காரோட சென்ட்ரல் லாக். அது மின்சாரத்துல பூட்டாது, காத்தை உறிஞ்சிப் பூட்டும். ஒரு கதவுல ரப்பர் கிழிஞ்சா நாலு கதவும் சோம்பேறி ஆயிடும், அது ஏன்னு பார்ப்போம். உங்க கார் கண்ணாடிப் பிரச்சினையை எழுதி அனுப்புறவங்க, ஏறும்போது நிக்குதா இறங்கும்போதா, கதவு திறந்திருந்தப்ப எப்படி, சாத்தியிருந்தப்ப எப்படி, இந்த மூணையும் மறக்காமச் சேர்த்து எழுதுங்க.